ஓர் அளவை எவ்வளவு நம்பலாம்? – மீட்டர் சமனச்சுற்றில் நிச்சயமின்மை

நுழையும்முன்

மேல்நிலை இரண்டாம் ஆண்டு இயற்பியல் செய்முறையில் மாணவர் செய்யும் சோதனைகளுள் மீட்டர் சமனச்சுற்றும் ஒன்று. ஒரு கம்பியின் மின்தடையைக் கண்டு, அதன் நீளத்தையும் விட்டத்தையும் அளந்து, கம்பி செய்யப்பட்ட பொருளின் மின்தடை எண்ணைக் கணக்கிடுவது இச்சோதனையின் நோக்கம். பெரும்பாலான செய்முறைக் குறிப்பேடுகளில் இறுதி விடை ஓர் எண்ணாக மட்டுமே எழுதப்படுகிறது. கணிப்பான் தந்த எட்டு இலக்கங்களையும் அப்படியே எழுதிவைப்போரும் உண்டு. அவ்வெண் எந்த அளவுக்கு நம்பத்தக்கது, அதன் எத்தனை இலக்கங்களுக்குப் பொருள் உண்டு என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதில்லை. இப்பாடத்தில் அவ்வினாக்களை ஒரே ஒரு கம்பியை வைத்துக்கொண்டு எழுப்பிப் பார்ப்போம்.

நம் கையில் உள்ள கம்பிக்குப் பெயர்ச்சீட்டு இல்லை என்று கொள்வோம். அது மாங்கனினாக இருக்கலாம், கான்ஸ்டன்டனாகவும் இருக்கலாம். முன்னது செம்பும் மாங்கனீசும் சிறிது நிக்கலும் சேர்ந்த உலோகக்கலவை. பின்னது செம்பும் நிக்கலும் சேர்ந்தது. வெப்பநிலை மாறினாலும் இரண்டின் மின்தடையும் மிகக் குறைவாகவே மாறும். எனினும் செம்புடன் இணைக்கப்பட்டு, இணைப்புகள் வெவ்வேறு வெப்பநிலையில் இருக்கும்போது, கான்ஸ்டன்டன் ஒவ்வொரு பாகை வேறுபாட்டுக்கும் ஏறத்தாழ 40 மைக்ரோவோல்ட் வெப்ப மின்னியக்கு விசையைத் தோற்றுவிக்கும். மாங்கனினில் இது புறக்கணிக்கத்தக்கது. திட்ட மின்தடைகளுக்கு மாங்கனினைத் தேர்வதும், வெப்பநிலையை அளக்கும் வெப்ப மின்னிரட்டைகளுக்குக் கான்ஸ்டன்டனைத் தேர்வதும் இதனால்தான். ஆகவே இது எந்தக் கம்பி என்பது ஒரு பயனுள்ள வினா. கான்ஸ்டன்டனின் மின்தடை எண் ஏறத்தாழ 49 × 10⁻⁸ ஓம் மீட்டர். மாங்கனினுடையது கலவையின் விகிதத்துக்கேற்ப ஏறத்தாழ 43 × 10⁻⁸ முதல் 48 × 10⁻⁸ வரை அமையும். நம் சோதனையால் இவ்விரண்டையும் பிரித்தறிய இயலுமா?

ஓம் அடைந்த தவறான விதி

நிலையற்ற கருவி எத்தகைய முடிவுக்கு இட்டுச்செல்லும் என்பதற்கு ஓம் விதியின் வரலாறே சான்று. கியார்க் சைமன் ஓம் ஜெர்மனியின் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளைச் சுற்றில் இணைத்து, அவற்றின் வழியே செல்லும் மின்னோட்டத்தின் காந்த விளைவை அளந்தார். 1825-இல் அவர் வெளியிட்ட முதல் கட்டுரையில் கம்பியின் நீளத்துக்கும் விளைவின் குறைவுக்கும் இடையே மடக்கைத் தொடர்பு இருப்பதாக எழுதினார். இன்று நாம் அறிந்த விதி அதுவன்று.

பிழை அவருடைய கணக்கில் இல்லை, மின்மூலத்தில் இருந்தது. அக்காலத்து வேதி மின்கலங்கள், சுற்றை மூடியவுடனேயே மின்னியக்கு விசை தளரும் தன்மையுடையன. முதற்கம்பிக்கு எடுத்த அளவும் பின்னர் மற்றொரு கம்பிக்கு எடுத்த அளவும் ஒரே மூலத்தைச் சார்ந்தவையாக இருக்கவில்லை. பின்னர், பொகண்டார்ஃப் என்னும் அறிவியலாளரின் ஆலோசனைப்படி, பிஸ்மத்தும் செம்பும் இணைந்த வெப்ப மின்னிரட்டையை மூலமாகக் கொண்டார் ஓம். ஓர் இணைப்பைக் கொதிநீரிலும் மற்றொன்றை உருகும் பனிக்கட்டியிலும் வைத்தார். இரு வெப்பநிலைகளும் மாறாதவை. எனவே மின்னியக்கு விசையும் மாறாதிருந்தது. 1826-இல் சரியான தொடர்பு கிடைத்தது. 1827-இல் அது நூலாக வெளிவந்தது. இயற்கை மாறவில்லை, அளவீட்டின் உறுதி மாறியது, விதியும் மாறியது.

மின்மூலம் தளர்ந்தாலும் முடிவு மாறாத ஒரு சுற்று இருந்தால் எவ்வளவு நன்று! அத்தகைய சுற்றை 1833-இல் சாமுவேல் ஹண்டர் கிறிஸ்டி விளக்கினார். 1843-இல் சார்லஸ் வீட்ஸ்டோன் அதனைப் பரவலாக அறியச் செய்தார். முதலில் கண்டவர் கிறிஸ்டியே என்பதை அவர் மறைக்கவில்லை. ஆயினும் சுற்று வீட்ஸ்டோன் பெயரிலேயே நிலைத்துவிட்டது.

சமநிலைப் புள்ளி என்பது ஒரு புள்ளியா?

மீட்டர் சமனச்சுற்று, வீட்ஸ்டோன் சுற்றின் எளிய வடிவம். மரப்பலகையின் மேல் ஒரு மீட்டர் நீளமுள்ள சீரான கம்பி இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். இடது இடைவெளியில் நம் கம்பியையும் வலது இடைவெளியில் தடைப்பெட்டியையும் இணைக்கிறோம். தொடுசாவியை மீட்டர் கம்பியின் மேல் அழுத்தி, கால்வனாமீட்டர் விலகல் காட்டாத இடத்தைத் தேடுகிறோம். அவ்விடத்தின் இடப்பக்க நீளத்துக்கும் வலப்பக்க நீளத்துக்கும் உள்ள விகிதமே, நம் கம்பியின் மின்தடைக்கும் தடைப்பெட்டியின் மின்தடைக்கும் உள்ள விகிதம். மின்கலத்தின் வோல்ட் அளவோ கால்வனாமீட்டரின் பிரிவு மதிப்போ இக்கணக்கில் இடம்பெறவில்லை என்பதைக் காண்க. அம்மீட்டரும் வோல்ட்மீட்டரும் கொண்டு மின்தடையைக் காணும் முறையில் இரு கருவிகளின் அளவுத்திருத்தங்களையும் நம்ப வேண்டியிருக்கும். இங்கே ஓர் அளவுகோலையும் ஒரு தடைப்பெட்டியையும் நம்பினால் போதும்.

ஆனால் அப்புள்ளி உண்மையில் ஒரு புள்ளியன்று. தொடுசாவியை இடப்புறமிருந்து மெல்ல நகர்த்தி வந்தால், முள் ஓரிடத்தில் சுழியை அடையும். மேலும் ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினாலும் சில கால்வனாமீட்டர்களில் முள் அசைவதில்லை. வலப்புறமிருந்து வந்தாலும் அவ்வாறே. இவ்விரு எல்லைகளுக்கும் நடுவே முள் வாளாவிருக்கும் ஒரு சிறு பகுதி உண்டு. அப்பகுதியின் பாதி அகலமும் அளவுகோலின் மீச்சிற்றளவும் ஆகிய இரண்டில் எது பெரிதோ, அதுவே சமன்செய் நீளத்தின் நிச்சயமின்மை. நம் சோதனையில் அதனை 0.1 செ.மீ. என்று கொள்வோம். தொடுசாவியைக் கம்பியின் மேல் தேய்த்து இழுக்கக் கூடாது. தேய்ந்த கம்பி சீரான கம்பியாக இராது. ஆண்டுதோறும் பல கைகள் பட்ட பழைய கருவிகளில் நடுப்பகுதிக் கம்பி சற்று மெலிந்திருப்பதைக் கூர்ந்து பார்த்தால் காணலாம்.

சமநிலைப் புள்ளி கம்பியின் நடுவில் அமைய வேண்டும் என்று ஆசிரியர் வற்புறுத்துவதன் காரணத்தை இப்போது கணக்கிட்டுப் பார்க்கலாம். புள்ளி 0.1 செ.மீ. தவறினால் இடப்பக்க நீளம் கூடும். வலப்பக்க நீளம் அதே அளவு குறையும். எனவே விகிதத்தின் ஒப்பீட்டுப் பிழை, இரு நீளங்களின் ஒப்பீட்டுப் பிழைகளின் கூடுதல் ஆகும். புள்ளி 50 செ.மீ.-இல் இருந்தால் ஒவ்வொன்றும் 0.2 விழுக்காடு, கூடுதல் 0.4 விழுக்காடு. புள்ளி 10 செ.மீ.-இல் இருந்தால் குறுகிய பக்கம் மட்டுமே 1 விழுக்காட்டைத் தரும், கூடுதல் 1.1 விழுக்காடு. 5 செ.மீ.-இல் அது 2.1 விழுக்காடாக உயரும். அதே அளவுகோல், அதே கண், அதே கவனம். ஆனால் பிழை ஐந்து மடங்கு. தடைப்பெட்டியில் தகுந்த மதிப்பைத் தேர்ந்தெடுத்தால் செலவின்றி நீங்கும் பிழை இது.

இடம் மாற்றி அளத்தல்

நம் கம்பியில் ஒரு மீட்டர் நீளம் இரு திருகுகளுக்கு இடையே உள்ளது. தடைப்பெட்டியில் 4 ஓம் எடுத்தபோது சமன்செய் நீளம் இடமுனையிலிருந்து 48.2 செ.மீ. எனக் கிடைத்தது. இதிலிருந்து கம்பியின் மின்தடை 3.722 ஓம். பிறகு கம்பியையும் தடைப்பெட்டியையும் இடம் மாற்றி இணைத்தோம். இப்போது இடமுனையிலிருந்து 51.5 செ.மீ.; அதாவது கம்பி இருக்கும் வலப்பக்கத்தின் நீளம் 48.5 செ.மீ. மின்தடை 3.767 ஓம்.

கருவி குறையற்றதாயின் இடமுனையிலிருந்து அளந்த இரு நீளங்களின் கூடுதல் சரியாக 100 செ.மீ. ஆக வேண்டும். 48.2-உம் 51.5-உம் சேர்ந்தால் 99.7 தான். இந்த 0.3 செ.மீ. வேறுபாட்டை நம் கண்ணின் தடுமாற்றம் மட்டும் என்று விட்டுவிட முடியாது. எடுத்த ஒவ்வோர் அளவும் 0.15 செ.மீ. குறைவாகக் கிடைத்திருக்கிறது. அளவுகோலின் சுழிப்புள்ளி கம்பியின் தொடக்கத்தோடு பொருந்தாமல் இருக்கலாம்; இரு முனைகளிலும் உள்ள செம்புத் தகடுகளின் மின்தடைகள் சமமற்றிருக்கலாம். எத்தனை முறை திரும்பத் திரும்ப அளந்தாலும் ஒரே திசையில் ஒரே அளவாக வரும் இத்தகைய பிழையே முறையான பிழை. ஒருமுறை கூடியும் மறுமுறை குறைந்தும் வருவது ஒழுங்கற்ற பிழை. பின்னதைப் பலமுறை அளந்து சராசரி காண்பதால் குறைக்கலாம். முன்னதைச் சராசரி தீர்க்காது. சோதனையின் அமைப்பையே மாற்றித்தான் அதனை வெளிக்கொணர வேண்டும். இங்கே இடமாற்றம் அதனைச் செய்தது. முதல் அளவில் குறைவாக இருந்த மின்தடை இரண்டாம் அளவில் மிகுதியாக வந்தது, சராசரி 3.74 ஓம். முதல் அளவோடு நிறுத்தியிருந்தால் விடை 0.6 விழுக்காடு குறைந்திருக்கும். நாம் மதிப்பிட்ட 0.4 விழுக்காட்டை அது மீறுகிறது.

மின்கலத்தின் முனைகளை மாற்றி இணைத்து அளப்பதும் இதே வகைச் சோதனைதான். இணைப்புகளில் தோன்றும் வெப்ப மின்னியக்கு விசை மின்கலத்தோடு திசை மாறாது. ஆகவே இருதிசை அளவுகளின் சராசரியில் அது நீங்கிவிடும்.

தடைப்பெட்டியின் செருகுகள் தளர்ந்திருந்தால் தொடர்பிடத்தில் சிறு மின்தடை சேரும். அதனை 0.02 ஓம் என்று கொண்டால், 4 ஓமில் அது 0.5 விழுக்காடு. செருகுகளை இறுக்கித் திருகிய பிறகும் இதற்கு இடம் விட்டுவைப்பது நன்று.

பெரும்பிழை ஒளிந்திருக்கும் இடம்

செய்முறை வகுப்பின் பெரும்பகுதி நேரம் சமநிலைப் புள்ளியைத் தேடுவதில் கழிகிறது. மணி அடிப்பதற்குச் சற்று முன்பு திருகு அளவி கைமாறி வருகிறது. கம்பியின் விட்டம் விரைவாக அளக்கப்படுகிறது. நம் கணக்கு இவ்வழக்கத்துக்கு நேர்மாறானதை வேண்டுகிறது.

நம் கம்பியின் விட்டத்தை ஐந்து இடங்களில், ஒவ்வோர் இடத்திலும் கம்பியைச் சற்றுத் திருப்பி, அளந்தபோது கிடைத்தவை 0.41, 0.42, 0.43, 0.42, 0.42 மி.மீ.; சராசரி 0.42 மி.மீ. கம்பியின்றித் தாடைகளை மூடியபோது கருவி +0.02 மி.மீ. காட்டியது. இச்சுழிப்பிழையைக் கழிக்க, திருத்திய விட்டம் 0.40 மி.மீ. ஐந்து அளவுகளின் சராசரித் தனிப்பிழை 0.004 மி.மீ. மட்டுமே. ஆனால் திருகு அளவியின் மீச்சிற்றளவு 0.01 மி.மீ.; கருவி பிரித்தறியாத நுண்மையை நாம் உரிமை கொண்டாட இயலாது. எனவே இரண்டில் பெரியதான 0.01 மி.மீ.-ஐ நிச்சயமின்மையாக ஏற்கிறோம்.

0.40-இல் 0.01 என்பது 2.5 விழுக்காடு. மின்தடை எண்ணைக் காணும் வாய்பாட்டில் கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு வருகிறது. பரப்போ விட்டத்தின் இருமடியைச் சார்ந்தது. ஆதலால் இப்பிழை இரட்டித்து 5 விழுக்காடாகிறது. நீளத்தின் பிழை, 100 செ.மீ.-இல் 0.2 செ.மீ., வெறும் 0.2 விழுக்காடு. மின்தடையின் பிழை, 0.4-உம் 0.5-உம் சேர்ந்து, 0.9 விழுக்காடு. எல்லாப் பிழைகளும் ஒரே பக்கம் சாய்ந்தால் ஏற்படக்கூடிய பெரும மதிப்பு 6.1 விழுக்காடு. அவ்வாறு எல்லாம் ஒருசேரச் சாய்வது அரிது. ஒன்றையொன்று சாராத பிழைகளை இருமடியாக்கிக் கூட்டி வர்க்கமூலம் காண்பது உயர்வகுப்புகளில் பின்பற்றப்படும் முறை. அவ்வாறு செய்தாலும் விடை 5 விழுக்காட்டுக்குச் சற்று மேல்தான் வருகிறது. ஒரு பிழை மற்றவற்றை இவ்வளவு விஞ்சும்போது, எம்முறையில் கூட்டினாலும் அதுவே மேலோங்கி நிற்கும்.

கணிப்பான் தரும் மின்தடை எண் 47.05 × 10⁻⁸ ஓம் மீட்டர். அதன் 6.1 விழுக்காடு ஏறத்தாழ 3 அலகுகள். அலகு இலக்கத்திலேயே மூன்று ஐயம் இருக்கும்போது, பதின்மப் புள்ளிக்குப் பின் உள்ள இலக்கங்களுக்குப் பொருள் இல்லை. எனவே முடிவு (47 ± 3) × 10⁻⁸ ஓம் மீட்டர் என்று எழுதப்பட வேண்டும்.

இதன்படி உண்மை மதிப்பு 44-க்கும் 50-க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். மாங்கனினும் அதற்குள் அடங்கும், கான்ஸ்டன்டனும் அடங்கும். 100 × 10⁻⁸ அளவில் உள்ள நிக்ரோம் அன்று என்று உறுதியாகச் சொல்லலாம். அதற்கு மேல் இச்சோதனை பேசாது.

ஐயத்துக்குள் அடங்காத பிழை

சுழிப்பிழையைக் கழிக்க மறந்த ஒரு மாணவரை எண்ணிப் பாருங்கள். அவர் விட்டத்தை 0.42 மி.மீ. என்று கொள்வார். பரப்பு 10 விழுக்காட்டுக்குச் சற்று மேல் மிகும். அவருடைய விடை (52 ± 3) × 10⁻⁸ ஓம் மீட்டர். எல்லைகள் 49-உம் 55-உம். கான்ஸ்டன்டன் உள்ளே நிற்கிறது, மாங்கனின் வெளியேறிவிட்டது. முறைப்படி பிழைக் கணக்கும் செய்தவர் அவர். அக்கணக்கே அவருக்குத் தவறான உறுதியைத் தந்துவிட்டது. ‘±’ குறிக்குப் பின் வரும் எண், நாம் எண்ணிப் பார்த்த பிழைகளுக்கு மட்டுமே கட்டுப்பட்டது. எண்ணிப் பாராதவை அதனுள் இல்லை.

இங்கே மற்றொரு வழக்கத்தையும் குறிப்பிட வேண்டும். பாடநூலில் உள்ள மதிப்பு முன்கூட்டியே தெரிந்திருப்பதால், அதற்கு ஒத்துவராத அளவுகளை அழித்துவிட்டு ‘நல்ல’ அளவுகளை மட்டும் குறிப்பேட்டில் ஏற்றுவது உண்டு. அவ்வாறு செய்தால் 48.2-உம் 51.5-உம் நமக்குக் கிடைத்திரா, 48.2-உம் 51.8-உம் என்று அழகாக எழுதியிருப்போம். கருவியின் குறை வெளிப்பட்டது அந்த 0.3 செ.மீ. முரண்பாட்டினால்தான். அளந்ததை மையினால் எழுதி, தவறெனக் கருதுவதை ஒரு கோட்டால் மட்டும் அடித்து, காரணத்தை அருகில் குறிப்பது ஆய்வகங்களின் நல்வழக்கு.

விட்டத்தை அளக்காமலே

இனி முதல் வினாவுக்கு வருவோம். பெரும்பிழை விட்டத்தில்தான் என்று தெரிந்துவிட்டது. தொடுசாவியை இன்னும் நுட்பமாக நகர்த்துவதால் பயன் இல்லை, 0.4 விழுக்காட்டை 0.2 ஆக்கினாலும் மொத்தம் 6.1-லிருந்து 5.9 ஆகவே குறையும். தடித்த கம்பியை எடுத்தால் விட்டத்தின் விழுக்காட்டுப் பிழை குறையும். ஆனால் நம்மிடம் இருப்பது இக்கம்பி மட்டுமே.

வேதியியல் ஆய்வகத்தில் 0.01 கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசு இருக்கும். திருகுகளுக்கு இடையே இருந்த ஒரு மீட்டர் துண்டை மட்டும் வெட்டி எடுத்து நிறுப்போம். பூச்சு இல்லாத வெற்றுக் கம்பியாக அது இருக்க வேண்டும். நிறை 1.06 கிராம் என்று கொள்வோம். கம்பியின் நிறை என்பது அடர்த்தி, பரப்பு, நீளம் ஆகியவற்றின் பெருக்கல். மின்தடையோ மின்தடை எண்ணை நீளத்தால் பெருக்கிப் பரப்பால் வகுத்தது. இவ்விரண்டையும் ஒன்றோடொன்று பெருக்கினால் பரப்பு அடிபட்டுப் போகிறது! மின்தடையையும் நிறையையும் பெருக்கி, நீளத்தின் இருமடியால் வகுத்தால், எஞ்சுவது பொருளின் மின்தடை எண்ணும் அடர்த்தியும் சேர்ந்த பெருக்கற்பலன் மட்டுமே. திருகு அளவிக்கு இங்கே வேலை இல்லை.

நம் கம்பிக்கு அம்மதிப்பு, மீட்டரும் கிலோகிராமும் ஓமும் அலகுகளாகக் கொள்ள, 3.97 × 10⁻³. பிழைகளைப் பார்ப்போம். நிறையில் 0.9 விழுக்காடு, மின்தடையில் 0.9, நீளம் இருமடியாக வருவதால் 0.4. பெரும மொத்தம் 2.2 விழுக்காடு, அதாவது (3.97 ± 0.09) × 10⁻³.

கான்ஸ்டன்டனின் அடர்த்தி ஏறத்தாழ 8,900 கிலோகிராம் கன மீட்டருக்கு. அதன் பெருக்கற்பலன் 4.36 × 10⁻³. மாங்கனினின் அடர்த்தி ஏறத்தாழ 8,400. அதன் பெருக்கற்பலன் 3.61 × 10⁻³ முதல் 4.03 × 10⁻³ வரை. நம் அளவின் எல்லைகள் 3.88-உம் 4.06-உம். கான்ஸ்டன்டன் இவ்வெல்லைக்கு வெளியே, நிச்சயமின்மையின் நான்கு மடங்குத் தொலைவில் நிற்கிறது. இக்கம்பி மாங்கனின்.

கற்பவை கற்றபின்

1. நம் சோதனையில் கம்பியின் விட்டம் 0.80 மி.மீ. ஆகவும் நீளம் 4 மீட்டர் ஆகவும் இருந்தால், மின்தடை ஏறத்தாழ மாறாதிருக்கும் எனக் காட்டுக. மின்தடை எண்ணின் பெரும விழுக்காட்டுப் பிழை எவ்வளவாகக் குறையும்? அப்போது மாங்கனினையும் கான்ஸ்டன்டனையும் விட்டத்தை அளந்தே பிரித்தறிய இயலுமா?

2. தராசின் மீச்சிற்றளவு 0.1 கிராம் எனில், நிறைமுறையால் மேற்கண்ட முடிவை எட்ட முடியுமா? காரணம் கூறுக.

3. உங்கள் பள்ளியின் மீட்டர் சமனச்சுற்றில் ஏதேனும் இரு மின்தடைகளை இடம் மாற்றி அளந்து, இடமுனையிலிருந்து கிடைக்கும் இரு நீளங்களின் கூடுதலைக் காண்க. அது 100 செ.மீ.-லிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதை வகுப்பிலுள்ள பிற குழுக்களின் கருவிகளோடு ஒப்பிட்டு அட்டவணைப்படுத்துக.